முந்நூறு வீரணன்கள்

முந்நூறு வீரணன்களும் ஒரே நேரத்தில் திரும்பி ஓடினார்கள்.

வடக்கு மேட்டில் எதிரியின் குதிரைப்படை தலைகாட்டியதுதான் தாமதம். ஈட்டியைப் போட்டவன் பாதி, கேடயத்தைப் போட்டவன் பாதி, கண்மாய்க் கரையில் ஏறி விழுந்து ஒருவனை ஒருவன் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் விரல் நீள ஆட்கள். ஒவ்வொருவனுக்கும் வீரணனின் முகம், வீரணனின் மீசை, இடது புருவத்தில் கல்சில்லு தெறித்த தழும்புகூட அப்படியே. டீக்கடையில் ஆட்ட மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீ கிளாசைக் கையில் பிடித்தபடி வீரணனும் அங்கேதான் நின்றான். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று கொஞ்சம் சிரித்துவைத்தான்.

"என்னப்பா வீரணா, ஒன்னைய வச்சுக்கிட்டு ஒரு ஊரக்கூடப் பிடிக்க முடியலையே" என்றான் ராசா பக்கம் ஆடிக்கொண்டிருந்த மொக்கையன். "குதிர கனைச்சாலே கெளம்பிர்ற."

மேசையில் மிச்சம் இருந்தது ராசாவும், அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆளும்தான். அம்பு மேல் அம்பாக அந்த ஆள் மேல் விழுந்தது. ஈட்டி வந்தது. அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆற்றைக் கடந்து உதவிப்படை வந்து சேரும்வரை அடித்து நட்ட கல்லாக நின்றுவிட்டு, அப்புறம்தான் சாய்ந்தான். ராசா பிழைத்துக்கொண்டார். மொக்கையன் மேசையைத் தட்டி, நின்னான்யா மனுசன் என்றான்.

அந்த ஒருவனுக்குச் சோணையின் முகம்.

வீரணன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கிளம்பினான்.

ஆட்டத்துக்குத் தென்னவன் பலகை என்று பெயர். பாண்டிய நாட்டில் அண்ணனும் தம்பியும் அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள், அந்தச் சந்தில் வெளியாள் உள்ளே வந்துவிட்டான் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கதை. அவர்கள் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நாடு என்னவாகியிருக்கும் என்று ஆடிப் பார்ப்பது இந்த ஆட்டம். மேசை மேல் மலையும் வைகையும் கோட்டையும் இருக்கும். காய்களைக் கையால் தொடக் கூடாது. ஆடுகிறவன் ராசாவாக இருந்து ஆணை மட்டும் சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் காயின் மனசு. அந்த மனசைத்தான் உயிரோடு இருக்கிற மனிதர்களிடமிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்த ஆட்டத்துக்கு உலகம் முழுக்க அப்படி ஒரு பைத்தியம் பிடித்திருந்தது.

வீரணனும் சோணையும் அதில் போய்ச் சேர்ந்தது அவர்கள் பார்த்த வேலையால். மேலூர்ப் பக்கம், கல்லெடுத்து முடித்த குவாரி ஒன்றின் ஓரத்தில் பாண்டியன் அரண்மனை மாதிரி ஒன்றைக் கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குவாரியில் கம்ப்ரசர் பிடித்து, ஜாக்ஹாம்மர் போட்டு, நுரையீரலெல்லாம் கல்தூசி ஏறியிருந்த ஆட்களில் கட்டுமஸ்தான இருவரைப் பொறுக்கி ஆபத்துதவிகளாக நிறுத்தினார்கள். பாண்டியனுக்கு ஆபத்தென்றால் உயிரைக் கொடுப்போம், அவன் செத்தால் நாங்களும் சாவோம் என்று சத்தியம் செய்து அவன் பக்கத்திலேயே நின்ற மெய்க்காவலர்களுக்கு அந்தப் பெயர். சிம்மாசனம் காலிதான். ராசா வேஷம் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வலப்பக்கம் சோணை, இடப்பக்கம் வீரணன். கையில் ஈட்டி, தலையில் புருவத்தை மறைக்கிற தலைப்பாகை. தினமும் ஆறு மணி நேரம் அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது, யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது. பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கல்லுடைப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று இருவருமே நினைத்தார்கள்.

ஆட்டக் கம்பெனியிலிருந்து உமையாள் என்ற பெண் வந்தாள். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை, பொறியாளர், முப்பது வயதிருக்கும். ராசா பக்கத்தில் இப்படி நிற்கிற மனசு எங்களுக்கு வேண்டும் என்றாள். தலைப்பாகைக்குள் மெல்லிய கம்பிவலை ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஒன்பது நாள், பதினோரு மணியிலிருந்து சாப்பாட்டு மணி வரை அதில் பதிவு ஓட, இருவரும் நின்றார்கள். பத்தாம் நாள் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. சோணையின் மனசு தலைமை ஆபத்துதவிக்கு. பெட்டியின் மேல் அவன் படம். வீரணனின் மனசு பரபரப்பாக இருக்கிறது, நெஞ்சு துடித்துக்கொண்டே இருக்கிறது, பார்வை நாலாபக்கமும் ஓடுகிறது என்று சொல்லி, அதைக் காலாட்படைக்கு வைத்துவிட்டார்கள். எளிதில் கலையும் படை என்று விதிப் புத்தகத்தில் அச்சே போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வீரணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுச் சாமான்தானே என்றான். ஆனால் மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் அரண்மனைக்கு வர ஆரம்பித்தார்கள். கொரியாவிலிருந்துகூட வந்தார்கள். எல்லோரும் நேராக வலப்பக்கம் போனார்கள். சோணையின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இடப்பக்கம் நிற்பவனைப் பார்த்து ஒருத்தி பக்கத்திலிருந்தவனின் காதில் ஏதோ சொல்ல, அவன் ஓடுவதுபோல் இரண்டு கையையும் ஆட்டிக் காண்பித்துச் சிரித்தான். வீரணன் அசையவில்லை. அசையக் கூடாதே.

சோணை மோசமானவனாக இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவன் அப்படி இல்லை. முதல் பெட்டியை வீரணனின் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். மச்சான் இல்லாமல் நான் எங்கே என்றான். வீரணனின் மனைவி ஒச்சம்மா அந்தச் சின்ன உருவத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சோணைண்ணே மொகத்துல என்னமோ ஒரு அமைதி இருக்குல்ல என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வீரணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் சோணை சிரித்தால் எரிச்சல், சிரிக்காவிட்டால் திமிர், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினால் இவன் பிச்சை போடுகிறானா என்று ஒரு கசப்பு.

அந்த அமைதி என்னவென்று உலகத்தில் வீரணன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது தூக்கம்.

குவாரியில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த காலத்தில் இருவரும் பழகிக்கொண்டது அது. கம்பியில் சாய்ந்து, நின்ற நிலையில், இமையைப் பாதி இறக்கித் தூங்குவது. ஒருவன் தூங்கினால் மற்றவன் முழித்திருந்து மேஸ்திரியைப் பார்ப்பான், மேலே தொங்கும் கல்லைப் பார்ப்பான். அரண்மனைக்கு வந்த பிறகு வீரணனுக்கு அந்தத் தூக்கம் வராமல் போய்விட்டது. சோணைக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு இமை இறங்கினால் சாப்பாட்டு மணி வரைக்கும் ஆள் இந்த உலகத்தில் இல்லை. தெற்கு வாசலில் சூப்பர்வைசர் வருகிறாரா, எந்தப் பிள்ளையாவது வேட்டியைப் பிடித்து இழுக்கிறதா, சோணையின் முட்டி தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பது வீரணனின் வேலை. முட்டி தளர்ந்தால் மெல்ல இருமுவான். சோணை நிமிர்ந்துகொள்வான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிடிபட்டதில்லை.

வெளியே சொல்லலாமா என்று வீரணன் யோசித்ததுண்டு. ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்படியே போயிருக்கும், ஆட்டத்தின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்ற செய்தி மட்டும் வராமல் இருந்திருந்தால். சென்னையில் உலகப் போட்டி. ராசாவின் மேசைக்குப் பக்கத்தில் தலைமை ஆபத்துதவி உடையோடு நிற்க வேண்டும். ஒருவருக்குத்தான் இடம். அதோடு, புதிய பதிப்பில் காலாட்படை முந்நூறு இல்லை. மூவாயிரம்.

மூவாயிரம் பேர் தன் முகத்தோடு ஓடுவதை வீரணன் மனசுக்குள் பார்த்தான். மறுநாள் லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினான்.

உமையாளின் பட்டறை ஒரு பழைய நூல் கிடங்கில் இருந்தது. எதிரில் உட்கார்ந்தவன் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், அந்த ஆளு முழிச்சிருக்கையில நீங்க பதிவே எடுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. வீரணன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திரையில் எதையோ தேடி எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க இத தவம்னு நெனச்சோம்ணே" என்றாள். "பக்கத்துல வெடிகூட வெடிச்சுப் பாத்தோம். நெஞ்சுத் துடிப்பு ஏறவே இல்ல."

"குவாரி வெடிக்கு நடுவுல தூங்குனவன் மேடம். ஒங்க வெடியெல்லாம் அவனுக்குத் தாலாட்டு."

அவள் சிரித்தாள். பிறகு வீரணனின் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கோடு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. இதைப் பயம் என்று நினைத்துத்தான் அந்தப் படையில் போட்டோம் என்றாள். பயமில்லை மேடம், ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தன் பாக்கணும்ல என்றான் வீரணன்.

"சிம்மாசனம் காலி. அப்ப நீங்க காவல் காத்தது சோணை அண்ணன."

"அதெல்லாம் ஒரு வேலைதான மேடம்."

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்திருந்தது. தவறு எங்களுடையதுதான், பதிவைத் தப்பாகப் படித்துவிட்டோம், நீங்கள் கொடுத்ததுதான் அசல் மெய்க்காவல் மனசு, அந்தப் பழைய பதிவையே தலைமை ஆபத்துதவிக்கு வைத்துவிடலாம், இன்றைக்கே மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். வீரணனுக்கு அது பிடிக்கவில்லை. குதிக்கிற அந்தக் கோட்டைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. அதுதானே கண்மாய்க் கரையில் முந்நூறு தடவை ஏறி விழுந்தது.

"பழசு வேணாம் மேடம்" என்றான். "புதுசா எடுங்க. இப்ப நான் ஆடாம அசையாம நிப்பேன்."

பழையதே நன்றாக இருக்கிறது என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவன் கேட்கவில்லை. மனசைக் கொடுக்கிறவனின் விருப்பம்தான் கடைசி என்பது அவர்கள் விதி. கம்பிவலையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுபடியும் ஒன்பது நாள். இந்தத் தடவை வீரணன் வாசலைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணால் சோணை ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பாதி இறங்கிய இமை, லேசாகத் திறந்த வாய், அதைத் தெய்வீகம் என்று படம் பிடிக்கும் கூட்டம். தூங்கு, இன்னும் நாலு நாள்தான் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நெஞ்சு சீராக அடித்தது. ஆறாம் நாள் சோணையின் முட்டி தளர்ந்தது. வீரணன் இரும வேண்டிய நேரத்தில் இருமாமல், இரண்டு எண்ணிக்கை பொறுத்து இருமினான். சோணை ஈட்டியைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இவன் பக்கம் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். நல்லவேளை மச்சான் என்று அர்த்தம்.

காயை மாற்றும்போது மனசைக் கொடுத்தவர்கள் முன்னால் இருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு திங்கட்கிழமை, அரண்மனை விடுமுறை நாளில், இருவரையும் பட்டறைக்கு வரச் சொன்னாள். சோணை தேய்த்த சட்டை போட்டு, சீவி முடித்து, சென்னைப் பயணத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்திருந்தான். பஸ்ஸில் வீரணனுக்கும் சேர்த்து அவன்தான் சீட்டுப் பிடித்து வைத்தான்.

உங்கள் பதிவு தூக்கத்தில் எடுத்தது என்று தெரிந்துவிட்டது என்றாள் உமையாள். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. சோணை தலையைச் சொறிந்தான். வீரணனை ஒரு தடவை பார்த்தான். தெரிந்தவன் ஒரே ஒருவன்தானே. அப்புறம் சிரித்தான்.

"பன்னெண்டு வருசம் ஓட்டியாச்சு மேடம். போதும்."

சண்டை வரும், சட்டையைப் பிடிப்பான், பதிலுக்கு நாமும் கேட்டுவிடலாம் என்று நினைத்து வந்திருந்த வீரணனுக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

சோணையின் காயை அழிக்கப் போவதில்லை, எழுப்பித்தான் விடப்போகிறோம் என்றாள் அவள். அது சாதாரண ஆபத்துதவியாக வலப்பக்கம் நிற்கும். தலைமை இனி வீரணன். ராசாவின் இடப்பக்கம் வீரணனின் புதிய காயை வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

விரல் நீளச் சோணை கண்ணைத் திறந்தான். முதலில் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்தான். பிறகு தெற்கு வாசல் எங்கே என்று தேடுவதுபோல் தலையைத் திருப்பினான். ராசாவை ஒரு பொருட்டாகக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் வீரணன் நிற்பது கண்ணில் பட்டதும் தோளெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி வந்தது அந்தச் சின்ன உடம்பில். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது தெரிந்தது.

அந்த வீரணன் ஏற்கெனவே இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உமையாள் எதிரிப் படையை அவிழ்த்துவிட்டாள். குதிரைகள் வடக்கு மேட்டில் தெரிந்தன. முந்நூறு பேர் வழக்கம்போலக் கலைந்தார்கள். சின்னச் சோணை தன் இடத்தை விட்டுவிட்டு, ராசாவைக் கடந்து, நேராக வீரணனிடம் நடந்தான். பக்கத்தில் வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வருகிற குதிரைகளுக்கு ஈட்டியை நீட்டினான். குவாரியில் கல் உருளும்போது அப்படித்தான் நிற்பார்கள், முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து. அவன் பின்னால் பார்க்கத் தேவையில்லை. பின்னால் வீரணன் இருக்கிறான்.

வீரணன் ஈட்டியை அந்த முதுகில் இறக்கினான்.

அவசரமே இல்லை. ஒரே குத்து. விழுந்தவனைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, ராசாவுக்கு முன்னால் போய் நின்றான். அதற்கப்புறம் அவன் சண்டையிட்டதுபோல் அந்த மேசையில் எந்தக் காயும் சண்டையிட்டதில்லை. பதினாறு குதிரைகளைச் சாய்த்தான். தொடையில் அம்பு, தோளில் அம்பு, ஒரு அடி பின்னால் வைக்கவில்லை. உதவிப்படை வந்தது. ராசா பிழைத்தார். ஆட்டம் ஜெயம்.

திரையில் எண்கள் ஓடி நின்றன. உமையாள் அவற்றைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், வீரணனைப் பார்க்காமல் தவிர்த்தாள்.

சோணைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"குத்துனது அதுக்குத் தெரிஞ்சிருக்குமா மேடம்?"

"அர நொடி தெரியும்ணே" என்றாள் அவள். "யாருன்னு தெரியற அளவுக்கு."

சோணை மேசை மேல் குனிந்து கவிழ்ந்து கிடந்த தன் உருவத்தை எடுக்கப் போனான். காயைத் தொடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டான்.

இதை என்ன செய்வது என்று மேலே கேட்டுச் சொல்வதாக உமையாள் சொன்னாள். நான்கு நாளில் பதில் வந்தது. மேலே இருப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இவ்வளவு உறுதியான தலைமைக் காவலன் இதுவரை கிடைத்ததில்லை. பக்கத்தில் வேறு ஆபத்துதவி யாரையும் வைக்காமல் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். பழைய காலாட்படைக்கு வேறு யாராவது ஒருவரிடம் மனசு வாங்கிக்கொள்வார்கள். பெட்டியின் மேல் இனி வீரணனின் படம். சென்னைக்கும் அவன்தான்.

ஒச்சம்மாவுக்கு ஒரே பெருமை. மொக்கையன் டீக்கடையில் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தான். வீரணன் உட்கார்ந்தான். நல்லாத்தான் இருந்தது.

மறுநாள் காலை அரண்மனையில் இடம் மாற்றிவிட்டார்கள். வீரணன் வலப்பக்கம், சோணை இடப்பக்கம். உடை மாற்றும் அறையில் சோணை எப்போதும்போலப் பேசினான். அவன் மகளுக்குக் காய்ச்சல் என்றான், புதிய செருப்பு கடிக்கிறது என்றான். வீரணனின் தலைப்பாகை முடிச்சைக்கூட அவன்தான் சரிசெய்துவிட்டான். என் மேல் கோபமா மாப்ள என்று கேட்டுவிட வீரணன் இரண்டு தடவை வாயெடுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

கூட்டம் வந்தது. எல்லோரும் வலப்பக்கம் வந்தார்கள். வீரணனின் காலடியில் நின்று படம் எடுத்தார்கள். அவன் அசையாமல் நின்றான்.

பதினோரு மணி ஆனது. சோணையின் இமை இறங்குகிற நேரம். வீரணன் கழுத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்தான்.

இறங்கவில்லை. பன்னிரண்டானது. வெயில் தரையில் நகர்ந்து சிம்மாசனத்தின் கால் வரைக்கும் வந்தது. சோணையின் கண்கள் சிவந்து, நீர் கோத்து, நிரம்பிக்கொண்டிருந்தன. கொட்டாவி வந்தது, பல்லைக் கடித்து விழுங்கினான். முட்டி தளர்ந்தபோது தானே நிமிர்த்திக்கொண்டான். பார்வை மட்டும் நகரவில்லை. பக்கவாட்டில் சிம்மாசனத்தைத் தாண்டி, வீரணனின் கையில் இருந்த ஈட்டியின் மேலேயே நின்றிருந்தது.

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை சோணை முழித்துக்கொண்டே நின்றான். மறுநாளும் அப்படித்தான் நின்றான்.